நாலு கட்டைக்கு மூன்று

கிளச்சை மிதித்து மிதித்துச் சிமியோனின் இடது முழங்கால் பனங்காய் போல வீங்கிக் கிடந்தது. மடக்கினால் நீட்ட முடியாது. நீட்டினால் மடக்க முடியாது. வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தான், உப்பு ஒத்தடம் கொடுத்துப் பார்த்தான். கால் ஆறுவதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும். தாளையடிக் கரையிலிருந்து மீன் ஏற்றுகிற பாதையில் கல்லும் இல்லை, தாரும் இல்லை. மணல்தான். முதலாம் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதலாம் கியர். தென்மேற்குக் காற்று வீசுகிற சோளகக் காலம் முழுக்க, சிமியோனின் ஊரான குருநகர்ச் சனத்தில் பாதிப்பேர் அந்தக் கரையில் ஓலை வாடி போட்டுக் கிடப்பார்கள். அவர்கள் பிடிக்கிற மீன் விடியுமுன் யாழ்ப்பாணச் சந்தைக்கு வந்து சேரவேண்டும்.

லொறி சண்டைக்கு வந்த லொறி. சண்டை முடிந்து பட்டாளக்காரர் ஏலம் போட்டபோது தெல்லிப்பழைத் தியாகலிங்கம் எடுத்தது. முன்சில்லும் பின்சில்லும் சேர்ந்து இழுக்கும். ஆனாலும் ரயர் ஒடுக்கம். பாரம் ஏற்றினால் அச்சுவரை மணலுக்குள் போய்விடும். போனால் இறங்கித் தோண்டுகிறவன் பிலிப்பு.

பிலிப்பு லொறியில் கிளீனர். சிமியோனின் தங்கை லூர்த்தம்மாவைக் கட்டியவன். சில்லடியில் முழங்கையளவு மண்ணைக் கையாலேயே வாரிவிட்டு, ஓலைப்பாயைச் செருகி, பின்பக்கம் போய் முதுகைக் கொடுத்துக்கொண்டு கத்துவான்.

"இழு மச்சான்! உன்ரை கால் நொண்டி எண்டு லொறிக்குச் சொல்லிப்போடாதை, அதுவும் நொண்டும்!"

"கத்துறதை விட்டிட்டுத் தள்ளடாப்பா."

"தள்ளிக்கொண்டுதான் நிக்கிறன். வெள்ளைக்காரன்ரை லொறியெல்லே, தமிழிலை தள்ளினாக் கேக்குதில்லை."

சிமியோனுக்குச் சிரிப்பு வரும். கால் வலியோடும் சிரிப்பான்.

பெரிய ரயர் போட வேண்டும் என்று முதலாளியின் காதைத் தின்றவன் சிமியோன்தான். பலாலியில் பட்டாளம் விட்டுப்போன பழைய சாமான்களுக்குள் உயரமும் அகலமுமான ஆறு ரயர் அகப்பட்டது. அதைப் போட்ட சில நாளிலேயே அச்சுக்குள் பல்லு உடைந்தது. அதற்கும் சிமியோன்தான் யோசனை சொன்னான். உடைந்த இன்னொரு லொறியின் அச்சுப் பல்லுகளை, றோட்டு ஓட்டத்துக்கென்று வெட்டிய வேகப் பல்லுகளை, முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றச் செய்தான். மணலைப் பெரிய ரயர் பார்த்துக்கொள்ளும். தார் றோட்டில் ஏறினால் லொறி பறக்கும். அப்படியே நடந்தது. மற்ற லொறிகள் கொடிகாமத்தில் நிற்கும்போது சிமியோனின் லொறி சந்தையில் மீன் இறக்கியது. தவறணையில் இரண்டு போத்தல் கள்ளுக்கு மேல் போனால், "ரயரும் என்ரை யோசனை, பல்லும் என்ரை யோசனை" என்று எல்லாருக்கும் சொல்வான்.

மைல் மீற்றரை ஒருவரும் யோசிக்கவில்லை. அது முன்பு இருந்த இடத்தில் இருந்தது, முன்பு ஆடியதுபோல முள் ஆடியது. முள் இருபத்தைந்தில் நிற்க, காற்று முகத்தில் முப்பதுக்கு மேல் அடித்தது. புது ரயரின் குணம் என்று சிமியோன் எடுத்துக்கொண்டான்.

பெற்றோல் அப்போதும் கூப்பனுக்குத்தான். கறுப்புச் சந்தையில் ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஒரு நாட் கூலி கொடுக்க ஆள் இருந்தது. சனிக்கிழமைகளில் தியாகலிங்கம் லொறிக் கொட்டிலுக்கு வந்து, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டி மீற்றரைப் பார்ப்பார். லொறி இன்று தாளையடி, நாளை கட்டைக்காடு, மறுநாள் ஆழியவளை என்று வாடிக்கு வாடி ஓடுவதால் தூரத்துக்கு மீற்றர்தான் சாட்சி. ஒரு கலன் பெற்றோலுக்கு இந்த லொறி எத்தனை கட்டை ஓடும் என்பது அவருக்கு மனப்பாடம். றோட்டோரத்து மைல் கல்லுக்குத்தான் கட்டை என்று பெயர். சனத்தின் தூரக் கணக்கும் கட்டைதான்.

"சிமியோன், லொறி குடிக்குதோ, ஆக்கள் குடிக்கினமோ?"

"மணல் முதலாளி. மணலிலை கூடத்தான் குடிக்கும்."

"போன வரியமும் மணல்தானே? மணலிலை சில்லு சும்மா சுத்தும். சுத்தினா மீற்றர் கூடவெல்லோ காட்டவேணும். இது குறைச்சுக் காட்டுது. நாலு கலனிலை ஒரு கலன் காத்தாப் போகுது. பட்டாளத்துக்குச் சாமான் குடுத்தவனுக்கு லொறி படிப்பிக்கிறியோ?"

சிமியோன் தலையைச் சொறிந்தான். அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. மணலில் மீற்றர் கூடக் காட்டும் என்பது எல்லா லொறிக்காரருக்கும் தெரிந்த சங்கதி.

"அடுத்த சனிக்குள்ளை கள்ளனைக் காட்டு. காட்டாட்டி நீதான் கள்ளன். லைசென்சையும் மறந்துபோடு."

லைசென்ஸ் போனால் சிமியோனுக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்தக் காலோடு தோணியில் நிற்க முடியாது. பெற்றோல் தொட்டியில் கைபடுகிற இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவன். அவன் எடுக்கவில்லை.

அந்தக் கிழமைதான் அவன் பெண்சாதி மக்டலீன் சோறு போடும்போது கதையோடு கதையாகச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உங்கடை தங்கச்சி வீட்டிலை ஒரே பெற்றோல் மணம். மூக்கைப் பொத்திக்கொண்டெல்லே இருந்திட்டு வந்தனான்."

சிமியோன் பாதிச் சோற்றில் எழுந்தான். லூர்த்தம்மா வீட்டுக் கூரை இறப்பில் ஒரு மருந்துப் போத்தல் செருகியிருந்தது. மூடியைத் திறந்து மோந்தான். வேறு ஒன்றையும் அவன் தேடவில்லை, தங்கையிடமும் கேட்கவில்லை.

தோணியில் களவு போனால் குருநகரார் பொலிசுக்குப் போவதில்லை, கோட்டுக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, சனம் பார்த்திருக்க, சந்தேகப்பட்டவன் பீடத்தில் நிற்கிற அந்தோனியார் சுருவத்தின் காலில் கைவைத்து, "ஒரு துளியும் எடுக்கேல்லை" என்று சொல்லவேண்டும். வலை நூலானாலும் அரிசியானாலும் சொல்லுகிற சொல் அதுதான். சொன்னால் அந்தக் கணத்தோடு கதை முடிந்தது. பிறகு அதைப்பற்றி வாய் திறக்கிறவன்தான் குற்றவாளி. சொல்லாதவன் கள்ளன்.

பிலிப்பு சிரித்துக்கொண்டுதான் வந்தான். "எனக்கோ மச்சான் சத்தியம்? சரி, பண்ணுவம். அந்தோனியாருக்கும் பொழுதுபோக வேணும்."

கையை நீட்டினான். சுருவத்தின் காலுக்குச் சாண் தூரத்தில் கை நின்றது.

"சொல்லு," என்றான் சிமியோன்.

"துளியும் எண்டு சொல்லேலாது மச்சான்."

சனம் நெருங்கியது.

"ஒரு மருந்துப் போத்தில் எடுத்தனான். பிள்ளை கோயிலிலை புதுநன்மை எடுக்கப் போடுற சட்டையிலை தோணித் தார் பட்டிட்டுது. வெள்ளைச் சட்டை. மண்ணெண்ணெய்க்குப் போகேல்லை. உன்னட்டைச் சொல்லுவம் எண்டு நினைச்சனான், மறந்துபோனன்."

"கலன் கலனாப் போனது?"

"அது எனக்குத் தெரியாது. அதை நான் தொடேல்லை. கலன் கலனா எடுக்கேல்லை எண்டு சொல்லுறன், அதுக்கு இப்பவே கை வைக்கிறன்."

கோயில் மூப்பர் கையை உயர்த்தினார். "அந்தோனியாரோடை பேரம் பேசுறியோடா? துளியும் எண்டுதான் எங்கடை அப்பன் பாட்டன் சொன்னது. சொல்லுறதெண்டாச் சொல்லு."

"பொய்ச் சத்தியம் பண்ணி, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்டு வந்தா நீங்களோ பொறுப்பு?"

பிலிப்பு கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லூர்த்தம்மா பெண்கள் பக்கத்தில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லலாம் என்று சிமியோனுக்குத் தோன்றாமல் இல்லை. சனிக்கிழமையை நினைத்தான், காலை நினைத்தான், வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் தெல்லிப்பழையில், "கள்ளன் பிலிப்பு" என்று சொல்லிவிட்டு வந்தான். சோளகம் முடியத்தான் சம்பளக் கணக்குத் தீர்ப்பது தியாகலிங்கத்தின் வழக்கம். பிலிப்பின் சம்பளம் பெற்றோலுக்குச் சரி என்று அவர் பிடித்துக்கொண்டு, அவனை லொறியிலிருந்து நிறுத்திவிட்டார்.

கள்ளனைத் தோணியில் ஏற்ற யாரும் இல்லை. பிலிப்பு தோணி வைத்திருக்கிற ஒவ்வொரு சம்மாட்டியிடமும் போய் நின்றான். ஒருவர், "பெற்றோல் மணக்கும், மீன் ஓடிப்போம்" என்றார். அதற்கும் அவன் சிரித்ததாகச் சொன்னார்கள். ஒரு விடியற்காலை மடித்த சாரம் ஒன்றோடு போய்விட்டான். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான் என்று ஒரு கதை வந்தது. இல்லை, தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று இன்னொரு கதை. காசும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. லூர்த்தம்மா மீன் கூடை சுமக்கத் தொடங்கினாள்.

பெற்றோல் போய்க்கொண்டே இருந்தது.

சிமியோன் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டான். திறப்பை அரைஞாணில் கட்டினான். புதிதாக வந்த கிளீனரை லொறிக்குப் பின்பக்கம் போகவே விடவில்லை. சனிக்கிழமை முதலாளி மீற்றரை எட்டிப் பார்த்தார். நாலில் ஒன்று, அதே அளவு.

"இப்ப ஆரைக் காட்டப்போறாய், சிமியோன்? இன்னுமொரு மச்சான் இருக்கிறானோ?"

அந்த வாரம்தான் பிறேக் பிடிக்காமல் லொறி சாவகச்சேரியில் றிச்சர்ட் என்பவனுடைய கராஜுக்குப் போனது. றிச்சர்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், சண்டைக் காலத்தில் பட்டாள லொறி திருத்தியவன், வாயும் பெரிது. பிறேக்கைச் சரிசெய்து, ஓடிப் பார்க்கிறதற்குச் சிமியோனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். நல்ல வெயில். கண்டி றோட்டு நீட்டாகக் கிடந்தது. கொடிகாமத்துக்கு அங்கால் வந்ததும் றிச்சர்ட் மீற்றரை விரலால் சுண்டினான்.

"உங்கடை மீற்றர் நித்திரையே அண்ணை?"

"ஏன்?"

"இந்தா போகுது ஒரு கட்டை. மீற்றரைப் பாருங்கோ. முக்காலும் கொஞ்சமும்தான் ஓடியிருக்கு."

இந்த றோட்டில் சிமியோன் ஓடாத நாளில்லை. ஆனால் ஓடுவது விடியுமுன். இருட்டில் மீனோடு ஓடுகிறவன் கட்டை பார்ப்பதில்லை. திரும்பி வரும்போது வெயிலில் கண் செருகிக்கொண்டு வருவான். அடுத்த கட்டையைப் பார்த்தான். அதற்கடுத்ததைப் பார்த்தான். நாலாவது கட்டை தாண்டும்போது மீற்றரில் மூன்றும் ஒரு சொட்டும்.

லொறியை ஓரங்கட்டினான்.

றிச்சர்ட் இறங்கி ரயரைக் காலால் உதைத்தான். "இது லொறியோடை வந்த ரயர் இல்லையே?"

"இல்லை. பெரிசு போட்டனாங்கள்."

"பெரிய சில்லு ஒரு சுத்துச் சுத்தினாக் கூடத் தூரம் போகுமெல்லே. மீற்றருக்கு அது தெரியாது. அது கியர்ப்பெட்டியிலை இருந்து போற வயரோடை சுத்துது, பழைய ரயர்க் கணக்கு. அச்சுக்குள்ளை பல்லும் மாத்தினியளோ?"

"ஓம். வேகப் பல்லு."

"அதுவும் அதே பக்கத்துக்கு இழுக்கும். ரெண்டும் சேந்து நாலுக்கு ஒண்டு விழுங்குது." அவன் சிரித்தான். "மாத்தேக்கை மீற்றர் வயர் மாட்டுற சின்னச் சில்லையும் மாத்தவேணும் அண்ணை. ஒருத்தரும் சொல்லேல்லையே? ஆர் குடுத்த மொக்கு யோசனை இது?"

சிமியோன் லொறியைக் கராஜுக்குத் திருப்பினான்.

இரண்டு நாள் லொறி கராஜில் நின்றது. கியர்ப்பெட்டியின் பின்பக்கம், மீற்றர் வயர் புகுகிற இடத்தில், பெருவிரல் அளவில் ஒரு பல்லுச் சில்லு இருந்தது. றிச்சர்ட் அதைக் கழற்றி எண்ணினான். பதினெட்டுப் பல்லு. பதினாலு பல்லு இருந்தால் வயர் வேகமாகச் சுத்தும், கணக்குச் சரிவரும் என்றான். பழைய இரும்புக் குவியலைக் கிளறி, பதினாலு பல்லுச் சில்லு ஒன்றை அதன் கூட்டோடு எடுத்துப் பூட்டினான். கழற்றியதைக் குவியலுக்குள் எறிந்தான். அது விழுந்த சத்தம் சிமியோனுக்குக் கேட்டது; அப்போது அவன் மனம் முழுக்க மீற்றரில் இருந்தது. திரும்பவும் கண்டி றோட்டுக்குப் போனார்கள். ஒரு கட்டைக்கு ஒன்று. நாலு கட்டைக்கு நாலு. பத்துக் கட்டை ஓடியும் மயிரிழை பிசகவில்லை.

"சந்தோசப்படுங்கோ அண்ணை," என்றான் றிச்சர்ட். "ஒருத்தரும் களவெடுக்கேல்லை."

தியாகலிங்கத்துக்கும் சந்தோஷம்தான். தன் பெற்றோல் ஒரு துளியும் வீணாகவில்லை என்று அறிந்ததும் சிமியோனுக்குப் பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார்.

"அப்ப பிலிப்பின்ரை சம்பளம், முதலாளி?"

"என்ன சம்பளம்?"

"அவன் எடுக்கேல்லையே. பெற்றோலுக்கெண்டு பிடிச்சது…"

"ஒரு போத்தில் எடுத்தவன்தானே? கோயிலிலை வைச்சு ஒத்துக்கொண்டவன். உங்கடை சனமே கள்ளன் எண்டு தீர்த்திட்டுது, நான் ஆர் மாத்த? மீற்றர் என்னட்டை வந்து பிலிப்புக் கள்ளன் எண்டு சொல்லேல்லை. நீ வந்து சொன்னனி."

பிளேன்ரீ வந்தது. சிமியோன் குடித்தான். குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம் என்று திரும்பி வருகிற வழியில் நினைத்தான். எழுந்து போனால் லொறி ஓட்ட இன்னொருவன் வருவான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிமியோன் கோயில் வாசலில் நின்று, போகிற சனத்தை மறித்தான். மீற்றர் பிழை என்று சொன்னான். பெரிய ரயர், வேகப் பல்லு, பதினெட்டுப் பல்லுச் சில்லு, பதினாலு பல்லுச் சில்லு எல்லாவற்றையும் சொன்னான். பிலிப்பு கள்ளன் இல்லை, தான்தான் மொக்கன் என்றும் சொன்னான்.

சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"மீற்றர் களவெடுத்ததாமோ?" என்றார் ஒரு கிழவர்.

"பதினெட்டுப் பல்லாம், பதினாலு பல்லாம். உவனுக்கு வாயிலை எத்தினை பல்லு மிச்சமெண்டு எண்ணுங்கோடா!"

"தங்கச்சிக்காரி அழுதிருப்பாள். அதுதான் கதை மாறுது."

"அப்பிடியில்லை," என்றது இன்னொரு குரல். "ரெண்டு பேரும் சேந்து வித்திருப்பாங்கள். இப்ப பங்குச் சண்டை."

மூப்பர் மட்டும் நிதானமான மனிதர். "ஆளை ஏசாதையுங்கோ. சிமியோன், மீற்றர் பொய் சொல்லுது எண்டுறாய். சரி, எனக்குக் காட்டு. என்ரை கண்ணாலை பாத்தா நான் சனத்துக்குச் சொல்லுறன்."

சிமியோன் லொறியைக் கொண்டுவந்தான். மூப்பரும் இரண்டு சம்மாட்டிமாரும் முன்னால் நெருக்கியடித்து ஏறினார்கள். நாவற்குழி தாண்டும்போதுதான், தான் எதைக் காட்டப்போகிறோம் என்பது சிமியோனுக்கு உறைத்தது. முதல் கட்டை போனது. மூப்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீற்றரைப் பார்த்தார். இரண்டாவது கட்டை. மூன்றாவது. நாலாவது.

"நாலு கட்டை," என்றார் மூப்பர். "மீற்றரிலும் நாலு."

"இப்ப சரிதான் மூப்பர். திருத்திப்போட்டம். திருத்த முந்தித்தான் பிழை."

சம்மாட்டிமாரில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதைக் காட்டவோ எங்களை இவ்வளவு தூரம் கொண்டந்தனி? சாப்பாட்டு நேரமடாப்பா!"

"திருப்பு," என்றார் மூப்பர். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் சாவகச்சேரிக்குப் போய் இரும்புக் குவியலைக் கிளறினான். றிச்சர்ட் தலையில் கைவைத்தான். வெள்ளிக்கிழமையே குவியலை நிறுத்து வித்தாயிற்று. வேறு பதினெட்டுப் பல்லு தேடலாம், ஆனால் சரியாக ஓடுகிற மீற்றரைத் திரும்பப் பிழையாக்க லொறிச் சொந்தக்காரன் சம்மதிக்கவேண்டும் என்றான். சிமியோன் தெல்லிப்பழைக்குப் போய்க் கேட்டான். தியாகலிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குக் காலிலைதானே வருத்தம்? தலைக்கும் ஏறிட்டுதோ?"

சோளகம் முடிந்தது. வாடிகளைப் பிரித்துக்கொண்டு சனம் ஊர் திரும்பியது. கணக்குத் தீர்த்த அன்று சிமியோன் தன் சம்பளத்தை வாங்கி, அப்படியே கொண்டுபோய்த் தங்கை வீட்டு வாசலில் நின்றான். லூர்த்தம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். காசைப் பார்த்தாள். எழும்பவில்லை.

"இது ஆற்றை காசு?"

"என்ரைதான். பிலிப்புக்கு வரவேண்டியது. நீ வைச்சிரு."

"அவர் உழைச்ச காசு உங்கடை மடியிலை இல்லை அண்ணை. தெல்லிப்பழையிலை கிடக்கு. அதை வாங்கிக்கொண்டு வாங்கோ, வாங்கிறன். இதைக் கொண்டுபோய் அண்ணியிட்டைக் குடுங்கோ, உங்கடை பிள்ளையளும் தின்ன வேணும்."

"முதலாளி தரமாட்டாராம்."

"நீங்கள் சொன்னவுடனை பிடிச்சவர்தானே? இப்பவும் நீங்கள்தானே சொல்லுறியள்?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிமியோன் காசை மடியில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தான். அடுத்த சோளகத்துக்கும் அவன்தான் லொறி என்று தியாகலிங்கம் சொல்லி அனுப்பியிருந்தார். அவனும் ஓம் என்று சொல்லியிருந்தான்.

பிலிப்பின் நாலு மாதச் சம்பளம் நூற்றிருபது ரூபாய். தியாகலிங்கம் அதைக் கொடுக்கவில்லை.